மேடை ஃபார்ஸைப் படமாக்குவது: 'நாய்சஸ் ஆஃப்' (1992) எங்கே சறுக்கியது?

திரைச்சீலை:

மைக்கேல் ஃப்ரேய்ன் எழுதிய ஃபார்ஸ் (கதவும் ஓட்டமும் குழப்பமுமாகவே சிரிக்க வைக்கும் நாடக வகை) 'நாய்சஸ் ஆஃப்' 1982 பிப்ரவரியில் லண்டன் லிரிக் ஹாமர்ஸ்மித்தில் மைக்கேல் பிளேக்மோர் இயக்கத்தில் மேடையேறியது. பிறகு சவாய் தியேட்டருக்கு மாறி, நடிகர் குழு மாற மாற 1987 வரை ஓடியது. பிராட்வேயில் 1983 டிசம்பரில் தொடங்கி 553 காட்சிகள். அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த இந்த நாடகம் 1992 மார்ச்சில் படமாக வந்தபோது, அமெரிக்காவில் 23 லட்சம் டாலர்கூட வசூலிக்கவில்லை. இயக்கியவர் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை, 'வாட்ஸ் அப், டாக்?' எடுத்த பீட்டர் பொக்டனோவிச். மைக்கேல் கெய்ன், கரோல் பர்னெட், கிறிஸ்டோபர் ரீவ், ஜான் ரிட்டர், டென்ஹோம் எலியட் என்று நடிகர் பட்டியலிலும் சொத்தை இல்லை.

பார்க்காதவர்களுக்காக: ஒரு நாடகக் குழு 'நத்திங் ஆன்' என்ற மட்டரகமான படுக்கையறைக் கூத்தை ஊர் ஊராகப் போடுகிறது. அதன் முதல் அங்கத்தையே நாம் மூன்று தடவை பார்க்கிறோம். முதலில் கடைசி நேர ஒத்திகை, முன்னாலிருந்து. அடுத்து ஒரு மாதம் கழித்து ஒரு பகல் காட்சி, மேடைக்குப் பின்னாலிருந்து. அதற்குள் குழுவில் காதல், பொறாமை, குடி, பேச்சுவார்த்தை நின்றுபோனது எல்லாம் நடந்திருக்கும். மூன்றாவது, பயணத்தின் கடைசியில், மறுபடி முன்னாலிருந்து. அப்போது உருப்படியாக எதுவும் மிஞ்சியிருக்காது.

"மேடைக்கென்றே செய்தது, திரைக்கு ஆகாது" என்று அன்றைக்கே பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சோம்பேறித் தீர்ப்பு என்பது என் எண்ணம். எது ஆகாது? எந்த ஷாட்டில்? எத்தனை நொடியில்? யார் நடிப்பு உசத்தி என்ற பட்டிமன்றத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே கதவு, தட்டு, லென்ஸ், கத்தரி பற்றி மட்டும் பேசுவோம்.

விங்ஸ்காரன்:

முதல் அங்கத்திலிருந்து தொடங்க வேண்டும். படமாக்கும்போது திரைக்கதைக்காரர் கை முதலில் அரிப்பது அங்கேதான். துரத்தல் இல்லை, அடிதடி இல்லை, இயக்குநர் லாயிட் இருட்டிலிருந்து குரல் கொடுத்துக் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கிறார். "இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாமே" என்று தோன்றும். அப்படி வெட்டினால் மூன்றாம் அங்கம் அன்றைக்கே செத்தது.

ஆரம்பக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். டாட்டி என்ற மூத்த நடிகை, வீட்டு வேலைக்காரி வேடம். கையாள வேண்டியவை மூன்று: டெலிபோன் ரிசீவர், மத்தி மீன் தட்டு, செய்தித்தாள். ரிசீவரைத் திரும்ப வைக்க வேண்டும், தட்டை அங்கேயே விட வேண்டும், பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பொருள் மூன்று, கை இரண்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று தப்புகிறது. லாயிட் பொறுமையாகத் திருத்துகிறார், அவள் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். டாட்டிக்குச் சொல்வது போலத் தெரிந்தாலும், உண்மையில் பாடம் நடப்பது நமக்கு. சரியான ஆட்டம் எப்படி இருக்கும் என்பது பார்வையாளர் மனசில் பதிந்தால்தான், கடைசியில் தட்டு இல்லாத இடத்தில் ஒருவர் தட்டைத் தேடும்போது அவருக்கு முன்னால் நமக்குத் தெரியும். சிரிப்பு அந்த அரை நொடி முந்தலில்தான் இருக்கிறது.

நடைமுறை விதியாகச் சொன்னால், கடைசியில் தப்பப்போகிற பொருள் ஒவ்வொன்றும் முதல் பகுதியில் குறைந்தது இரண்டு தடவை சரியான இடத்தில் கண்ணில் பட வேண்டும். ஒரு தடவையாவது யாராவது அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நூறு நிமிடப் படத்தில் இதற்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும். கொடுத்துத்தான் தீர வேண்டும்.

சந்தேகராமன்:

முப்பத்தஞ்சு நிமிஷம் பாடம் நடத்தினா தியேட்டர்ல பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்களே சார்.

விங்ஸ்காரன்:

பாடமும் சிரிப்பாக இருந்தால் போக மாட்டார்கள். ஃப்ரேய்ன் அதைத்தான் செய்திருக்கிறார். ஒத்திகையின் குறுக்கீடு ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு சின்ன நகைச்சுவை. ஃபிரெடரிக் என்ற நடிகர் தன் பாத்திரம் ஏன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது என்று காரணம் கேட்கிறார். நடு ராத்திரியில் ஒரு இயக்குநரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? சிரித்து முடிக்கும்போது பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்பது நமக்கு மனப்பாடம்.

அகலக்கண்ணாடி:

அந்த மூன்று பொருள் காட்சியை எப்படிப் படம்பிடிப்பது என்று பார்ப்போம். இதில்தான் மேடை ஃபார்ஸைப் படமாக்குவதன் மொத்தச் சிக்கலும் இருக்கிறது.

வழக்கமான வழி: டாட்டியின் முகம் ஒரு குளோசப், ரிசீவர் ஒரு இன்சர்ட் (அந்தப் பொருளை மட்டும் கிட்டத்தில் காட்டும் ஷாட்), தட்டு ஒரு இன்சர்ட், பேப்பர் ஒரு இன்சர்ட். எடிட்டிங் டேபிளில் எல்லாம் கச்சிதமாகச் சேரும். சிரிப்பு மட்டும் வராது. நகைச்சுவை "மூன்றைப் பிடிக்க இரண்டு கை" என்ற கணக்கில் இருக்கிறது. மூன்றும் ஒரே ஃபிரேமில், ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் கணக்கு கண்ணுக்குத் தெரியும். முழங்காலிலிருந்து தலை வரை ஒரு ஷாட். டெலிபோன் மேஜை ஓரத்தில், தட்டு இடுப்பு உயரத்துக்குக் கீழே போகாமல். கட் வேண்டாம். நடிகையின் கண் தட்டுக்கும் பேப்பருக்கும் தாவுவதே உங்கள் கட்.

அடுத்து செட். மாடிப்படி, மேல்தளத்தில் அறைகள், ஏழெட்டுக் கதவு, திருடன் நுழைய ஒரு ஜன்னல். இரண்டு தளமும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டிய இடங்கள் நிறைய. செட் அகலம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் 1.85 விகிதத்துக்கு (உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலம்) ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 21 மி.மீ. 35 மி.மீ. லென்ஸ் போட்டால் கேமரா 20 மீட்டர் பின்னால் போக வேண்டும். 25 மி.மீ. போட்டால் 14 மீட்டர் போதும், ஆனால் ஓரத்துக் கதவில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார், கேமராவை நோக்கி ஓடி வருபவர் வேகம் பொய்யாகக் கூடும். நீள லென்ஸில் தலைகீழ்ச் சங்கடம். கதவுகளுக்கு நடுவே உள்ள தூரம் நசுங்கிவிடும், ஓடுபவர் ஓடிக்கொண்டே இருப்பார், இடம் மட்டும் நகராது. ஆகவே ஸ்டுடியோ ஃப்ளோர் செட்டைவிட இரண்டு மடங்கு நீளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செட் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

விகிதமும் முக்கியம். 12 மீட்டர் அகலத்துக்கு 1.85-ல் சுமார் 6.5 மீட்டர் உயரம் கிடைக்கும். 2.39 அகலத்திரையில் 5 மீட்டர்தான். மேல்தளம் 2.7 மீட்டரில் இருந்தால், அங்கே நிற்பவர் தலை 4.5 மீட்டருக்கு வந்துவிடும். கீழே தரை கொஞ்சம், மேலே தலைக்கு மேல் கொஞ்சம் விட்டால் மூச்சு முட்டும். அகலத்திரையில் எடுத்தால் 'பெரிய படம்' மாதிரி இருக்கும் என்ற ஆசைக்கு இங்கே இடமில்லை.

சந்தேகராமன்:

அப்ப மொத்தத்தையும் ஒரே வைட்ல வச்சு எடுத்துட்டாப் போச்சே. அதுக்கு எதுக்கு சினிமா? நாடகத்தையே வீடியோ எடுத்துடலாமே?

கத்தரி:

இல்லை. வைட் ஷாட்டில் மட்டும் எடுத்தால் வேறு நோய் வரும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கண் தானாகவே தேடும். இடது கதவில் ஒருவர் உள்ளே போனதும் வலது கதவுக்குத் தாவும், ஏனென்றால் அடுத்தவர் அங்கிருந்துதான் வருவார் என்று அவருக்குத் தெரியும். திரையில் அதே வைட் ஷாட்டில் ஆட்கள் சின்னதாகிவிடுவார்கள். டி.வி.யில் கேட்கவே வேண்டாம். கண் சோர்ந்து நடுவில் நின்றுவிடும்.

ஆகவே கட் வேண்டும். கட்டின் வேலை பொருளைக் காட்டுவது அல்ல, கண் ஏற்கெனவே போக நினைக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோவது. கதவு சாத்தும் சத்தம் விழுந்த மூன்று நான்கு ஃபிரேமுக்குள் (ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்) வெட்டினால் பார்வையாளருக்குக் கட் தெரியாது. பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் தாமதித்தால் காட்சி தளரும். கதவு சாத்துவதற்கு முன்பே வெட்டினால், போனவர் போனாரா இல்லையா என்ற சந்தேகம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபார்ஸில் அந்தச் சந்தேகம் விஷம். யார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது எந்த நொடியிலும் பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பு இடைவெளி இன்னொரு பெரிய விஷயம். மேடையில் நடிகர் சிரிப்பலையின் மேல் சவாரி செய்வார். அலை ஏறி, உச்சிக்குப் போய், சரியத் தொடங்கும்போது அடுத்த வசனத்தைப் போடுவார். முழுக்க அடங்கும் வரை காத்திருந்தால் விட்டது. படத்தில் அந்த அலை எத்தனை நொடி என்பது படப்பிடிப்பு நாளில் யாருக்கும் தெரியாது. இதற்குப் பழைய வைத்தியம் இரண்டு உண்டு. மார்க்ஸ் சகோதரர்களின் 'எ நைட் அட் தி ஆபரா' (1935) படத்துக்கு, எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தயாரிப்பாளர் தால்பெர்க் முக்கியக் காட்சிகளை முதலில் மேடையில் ஊர் ஊராக நடிக்க வைத்தார். எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் என்று அளந்துகொண்டு அதன்படி படமாக்கினார்கள். பில்லி வைல்டர் 'சம் லைக் இட் ஹாட்'டில் நடிகர் ஜாக் லெமன் கையில் மராக்காஸை (குலுக்கி வாசிக்கும் தாளக் கருவி) கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே அவர் அதைக் குலுக்கிக்கொண்டு ஆடுகிறார். தியேட்டர் சிரித்தால் அந்தக் குலுக்கல் சிரிப்புக்கு இடம் விடும், சிரிக்காவிட்டால் அதுவே ஒரு நடிப்பு. இடைவெளி வெறுமையாக இல்லை என்பதுதான் இதில் சூட்சுமம்.

கத்தரி:

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைத் திரையிடலில் குறைந்தது இரண்டு மைக்கைப் பார்வையாளர் பக்கம் திருப்பி வைத்து, அந்தச் சிரிப்பை டைம்லைனில் தனி ட்ராக்காக ஏற்றிப் பாருங்கள். எந்த வசனம் சிரிப்பில் மூழ்குகிறது என்பது அலைவடிவத்திலேயே தெரியும். மூழ்கும் இடத்தில் வசனத்துக்கு முன்னால் 12 முதல் 20 ஃபிரேம் வரை ஒரு ரியாக்‌ஷன் ஷாட்டை நீட்டினால் போதும், 24 ஃபிரேம் கணக்கில் அரை நொடியிலிருந்து முக்கால் நொடி சொச்சம். இரண்டு நொடி நீட்டாதீர்கள். பிறகு வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு அது ஓட்டையாகத் தெரியும். நீட்ட முடியாத இடத்தில், சிரிப்புக்கு அடுத்த வசனத்தைத் தொலைந்தாலும் பரவாயில்லாத வசனமாக எழுத்திலேயே வைத்துவிட வேண்டும்.

திரைச்சீலை:

'நாய்சஸ் ஆஃப்' படத்தில் இந்த இடைவெளி பல இடங்களில் அறவே இல்லை என்பது என் கணிப்பு. மூச்சு விடாமல் ஓடுகிறது. நிறைந்த தியேட்டரில் பாதி வசனம் கேட்காது, காலியான தியேட்டரில் களைப்பாக இருக்கும். படத்துக்குக் கிடைத்தது இரண்டாவது வகைத் தியேட்டர்தான். பின்னால் வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் அதற்கு ரசிகர்கள் சேர்ந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ரிமோட்டில் திரும்பிப் போய்ப் பார்க்கலாம் இல்லையா.

அகலக்கண்ணாடி:

இரண்டாம் அங்கத்துக்கு வருவோம். மேடையில் இடைவேளையின்போது மொத்த செட்டையும் சுற்றித் திருப்பி வைக்கிறார்கள். திரை விலகியதும் சட்டம், முட்டுக்கட்டை, பின்பக்கப் படிக்கட்டு. "ஓ, நாம் இப்போது பின்னால் இருக்கிறோம்" என்று பார்வையாளர் நிதானமாகப் புரிந்துகொள்கிறார். படத்தில் ஒரே வெட்டில் கேமரா சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். அங்கேதான் குழி.

முன்னாலிருந்து பார்க்கும்போது இடது ஓரத்தில் இருந்த கதவு, பின்னாலிருந்து பார்த்தால் வலது ஓரத்தில். முன்பக்க ஷாட்டில் இடது நோக்கி ஓடிக் கதவுக்குள் புகுந்தவர், பின்பக்க ஷாட்டில் வலது நோக்கி ஓடுவார். அந்த வெட்டில் அவர் சடாரென்று திரும்பி ஓடுவது போலத் தோன்றும். 180 டிகிரி கோட்டை (இடது வலது மாறாமலிருக்க கேமரா ஒரே பக்கம் நிற்க வேண்டிய கற்பனைக் கோடு) தாண்டிவிட்டோம் என்பதுதான் காரணம், சுவரின் இரண்டு பக்கத்தையும் காட்ட வேண்டுமென்றால் தாண்டாமல் இருக்கவும் முடியாது. ஒரு துரத்தலில் இதை நான்கு தடவை செய்தால் எந்தக் கதவு எது என்பது பார்வையாளருக்குக் குழம்பிப்போகும். முதல் அங்கத்தில் சம்பாதித்த பாடம் முழுவதும் வீண்.

தீர்வு மூன்று. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஷாட், வெட்டாமல், ஒரு நடிகரோடு கேமராவும் கதவு வழியாக முன்னிலிருந்து பின்னுக்கு வர வேண்டும். ஸ்டெடிகேமுக்கு (ஆள் உடம்பில் மாட்டிக்கொண்டு குலுங்காமல் எடுக்கும் கேமரா) ஒன்றரை அடி கூடுதல் அகலம் வேண்டும் என்பதால், அந்தக் கதவின் பக்கத்துச் சட்டத்தைக் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, கதவுகளின் பின்பக்கத்துக்குத் தனி அடையாளம்: ஒன்றின் மேல் சிவப்பு விளக்கு, ஒன்றுக்குப் பக்கத்தில் தீயணைப்புக் கோடரி, ஒன்றின் அருகே நாற்காலி. மூன்றாவது, பின்னால் வந்தபின் பின்னாலேயே இருங்கள். முன்பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வொரு எட்டிப் பார்த்தலும் ஒரு திசைக் குழப்பம்.

ஒலிப்பெட்டி:

எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, காது பார்த்துக்கொள்ளும். இரண்டாம் அங்கத்தில் பின்னால் நடப்பது கிட்டத்தட்ட ஊமைக்கூத்து. முன்னால் நாடகம் ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் சத்தம் போட முடியாது. கொலைவெறியோடு கோடரியைத் தூக்கினாலும் பூனை நடைதான். ஆகவே முன்பக்க வசனம்தான் கடிகாரம். அதைத் தனியாக, தொடர்ச்சியாக, சரியான வேகத்தில் முதலில் பதிவு செய்துகொண்டு, பாட்டு ஷூட்டிங்கில் நாகரா டேப் ரெக்கார்டரை ஓட்டுவது போல ஃப்ளோரில் ஓடவிட்டு அதற்கு ஆட்கள் நடிக்க வேண்டும். பின்னால் நடப்பது முன்பக்க வசனத்தைவிட நான்கு நொடி நீண்டுவிட்டால் சம்பந்தப்பட்டவர் தன் நுழைவைத் தவறவிடுவார். எடிட்டிங்கில் அதை ஒட்டுப்போட முடியாது.

மிக்ஸிங்கில் முன்பக்கக் குரலை 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக இறக்கி, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, கதவு திறக்கும் நொடியில் மட்டும் முழுசாகத் திறந்துவிட்டு, சாத்தியதும் மறுபடி மூட வேண்டும். இந்த ஒரு வேலையே பார்வையாளருக்கு 'முன், பின்' என்பதைக் கண்ணை மூடினாலும் சொல்லிவிடும்.

செட் கதவின் சத்தம் பிளைவுட் சத்தம், டொப்பென்று விழும். ஃபோலியில் (படத்துக்கேற்ப சத்தங்களைத் தனியாகச் செய்து பதிவது) கனமான மரக் கதவைப் பதிவு செய்து மாற்றுங்கள். ஆனால் ஏழெட்டுக் கதவுக்கும் ஒரே சத்தம் போடாதீர்கள். மாடிக் கதவுக்கு ஒன்று, வாசல் கதவுக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. நான்காவது தடவை கேட்கும்போது படம் பார்க்காமலேயே எந்தக் கதவு என்று தெரிய வேண்டும்.

விங்ஸ்காரன்:

அச்சான நாடகப் பிரதியில் இரண்டாம் அங்கம் இரண்டு பத்தியாக ஓடும். ஒன்றில் மேடையில் பேசும் வசனம், பக்கத்தில் பின்னால் நடக்கும் செயல். இதை ஷூட்டிங் ஸ்கிரிப்டாக மாற்றும்போது வழக்கமான திரைக்கதை வடிவத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அட்டவணை போடுங்கள்: நேரம், மேடை வசனம், பின்னால் யார் எங்கே, எந்தக் கையில் என்ன, எந்தக் கதவு. ஐந்து நொடிக்கு ஒரு வரி. 25 நிமிட அங்கத்துக்கு 300 வரி. அலுப்பான வேலைதான், ஆனால் இதில்லாமல் கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருளும் இடமும் மாறாமல் இருப்பது) பார்ப்பவர் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவார்.

'எந்தக் கையில்' என்ற பத்தி அலங்காரத்துக்கு இல்லை. கோடரி, விஸ்கி பாட்டில், பூங்கொத்து மூன்றும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கும். வலது கையில் பாட்டிலை வாங்கியவர் அடுத்து வலது கையால் கதவைத் திறக்க வேண்டியிருந்தால் ஒரு நொடி போய்விடும். ஒத்திகையில் கண்டுபிடித்தால் ஒரு நொடி, படப்பிடிப்பில் கண்டுபிடித்தால் அரை நாள்.

கதவு விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. ஃபார்ஸ் கதவுக்குச் சாதாரணத் தாழ்ப்பாள் ஆகாது, அவசரத்தில் மாட்டிக்கொள்ளும். சின்ன இரும்புக் குண்டு வைத்த ஸ்பிரிங் கேட்ச் போடுவார்கள், ஆனால் ஓங்கி அறைந்தால் அது திரும்பி வந்து திறந்துகொள்ளும். சட்டத்தில் ஃபெல்ட் ஒட்டி, ஒரு காந்தமும் வைத்தால் நிற்கும். மேடை வழக்கப்படி கதவு பின்பக்கமாகத் திறக்கும், எனவே இரண்டாம் அங்கத்தில் ஒவ்வொரு கதவும் பின்னால் நிற்பவர் மூக்கை நோக்கி வரும். 75 செ.மீ. கதவுக்கு 75 செ.மீ. வளைவைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிடுங்கள். அப்புறம் முதல் அங்கத்தில் ஒரு கதவு திறக்காமல், மூடாமல் மக்கர் பண்ண வேண்டும். நிஜமாகவே மக்கர் பண்ணும் கதவை நம்ப முடியாது. சட்டத்துக்குள் ஒரு போல்ட் வைத்து, பின்னாலிருந்து ஒருவர் இழுத்துவிட வேண்டும்.

மத்தி மீனுக்கும் ஒரு வார்த்தை. கிட்டத்தில் தெரியும் தட்டுக்கு நிஜ மீன், விளக்குச் சூட்டில் மங்கிவிடும் என்பதால் டேக்குக்கு ஒரு தட்டு. ஆளை வழுக்கி விழ வைக்கும் மீன் சிலிகான். விழும் இடத்தில் தரை சொரசொரப்பாகவும், வழுக்கல் நடிகரின் நடிப்பாகவும் இருக்க வேண்டும். எண்ணெயை நம்பி விழ வைத்தால் இரண்டாவது டேக்குக்கு நடிகர் இருக்க மாட்டார்.

சந்தேகராமன்:

டெக்னிக்கல் எல்லாம் சரி. ஆனா படம் சறுக்கினது அதனால இல்லைன்னு நினைக்கிறேன். கதையைச் சுத்தி ஒரு சட்டம் போட்டாங்களே, அதுதான் வினை. பிராட்வேல முதல் நாள், லாயிட் பயந்துபோய் வெளியே வந்து ஃபிளாஷ்பேக் சொல்றாரு. கடைசியில நாடகம் அமோக வெற்றி. மேடை நாடகத்துல மூணாவது அங்கம் நாசமாப் போறதோட திரை விழும். அதுதான் அழகு.

திரைச்சீலை:

பாதி ஒத்துக்கொள்கிறேன். சட்டம் வைப்பது தப்பில்லை. ஆன்டனி அஸ்குவித் 1952-ல் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஏர்னஸ்ட்' எடுத்தபோது, ஒரு ஜோடி தியேட்டர் பாக்ஸில் வந்து உட்கார, திரை உயர்வதோடு படத்தைத் தொடங்கினார். "இது நாடகம், அப்படியே பாருங்கள்" என்று சட்டென்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டார். இங்கே சட்டம் திரும்பத் திரும்பக் குறுக்கே வருகிறது. லாயிட் குரலில் விளக்கம் வரும் ஒவ்வொரு தடவையும், கண்ணால் கண்டுபிடிக்க வேண்டியது காதில் முன்கூட்டியே விழுந்துவிடுகிறது.

ஆனால் ஊர்களை அமெரிக்காவுக்கு மாற்றியதை எல்லோரும் திட்டுகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. வெஸ்டன்-சூப்பர்-மேர், ஆஷ்டன்-அண்டர்-லைன், ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் போய் டெமாய்ன், மயாமி பீச், கிளீவ்லாண்ட் வந்தது. உள்ளே இருக்கும் 'நத்திங் ஆன்' மட்டும் இங்கிலாந்து நாடகமாகவே நின்றது. அதனால் அமெரிக்க நடிகர் பாத்திரமாகப் பேசும்போது பிரிட்டிஷ் உச்சரிப்பு, தானாகப் பேசும்போது அமெரிக்க உச்சரிப்பு. முதல் அங்கத்தில் யார் எப்போது வேடத்தை விட்டு வெளியே வருகிறார் என்பதை இது ஒரு அசைவில் காட்டிவிடுகிறது. மேடையில் நடிகர்கள் முகத்தைத் திருப்பிக் காட்ட வேண்டியதைக் காது இங்கே செய்கிறது. படம் நாடகத்தைவிடத் தெளிவாக இருக்கும் ஒரே இடம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

கத்தரி:

வெற்றி முடிவு பற்றி: அது மூன்றாம் அங்கத்தின் வேகத்தையும் கெடுக்கிறது. பேரழிவு உச்சிக்குப் போன பிறகு இன்னொரு காட்சி இருக்கிறது என்றால், எடிட்டர் உச்சியை உச்சியாக வெட்டத் தயங்குவார், கொஞ்சம் காற்றை மிச்சம் வைப்பார். ஃபார்ஸுக்குக் கடைசி ஷாட் என்பது எல்லாரும் ஒரே ஃபிரேமில், ஒருவருக்கும் தப்பிக்க வழியில்லாமல் நிற்பது. அதற்குப் பின்னால் வரும் எதுவும் வால்.

அகலக்கண்ணாடி:

புதிதாக ஒரு பழைய நாடகத்தை எடுக்க நினைப்பவர்களுக்கு: மேடை உரிமையும் திரை உரிமையும் வேறு வேறு. நாடகம் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் வெளியீட்டுத் தேதியைப் பற்றி ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' படம் 1941-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பிராட்வே ஓட்டம் முடியும் வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையால் 1944-ல்தான் திரைக்கு வந்தது.

எந்தப் பதிப்பு என்பதையும் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். ஃப்ரேய்ன் இந்த நாடகத்தைப் பல தடவை திருத்தியிருக்கிறார், 2000-ல் லண்டன் நேஷனல் தியேட்டருக்காகவும் மாற்றினார். ஒரு பதிப்பின் வசனமும் இன்னொரு பதிப்பின் கதவு ஒழுங்கும் கலந்துவிட்டால் விங்ஸ்காரனின் 300 வரி அட்டவணை குப்பை.

சந்தேகராமன்:

கடைசியா ஒண்ணு. ரெண்டாம் அங்கத்துல டாட்டி, கூட நடிக்கிற கேரியோட ரெண்டு ஷூ லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டு விடுவாளே. அதை நிஜமாவே கட்டினா ஆள் படியில உருண்டுட மாட்டாரா?

விங்ஸ்காரன்:

கட்டுவது ஒரு ஷாட், நடப்பது வேறு ஷாட் என்று பிரிக்க ஆசை வரும். பிரிக்க வேண்டாம். முடிச்சு விழுவதைப் பார்த்த அதே ஷாட்டில் அவன் முதல் அடி வைக்கத் திணறுவது வந்தால்தான் சிரிப்பு. முன்கூட்டியே இரண்டு ஷூவின் உட்பக்கத்தையும் 25 செ.மீ. எலாஸ்டிக் பட்டையால் இணைத்து, பேன்ட் விளிம்பில் மறைத்துவிடுங்கள். டாட்டி போடும் முடிச்சு வெறும் சுருக்கு, இழுத்தால் அவிழும். எலாஸ்டிக் இருப்பதால் கால் கட்டுண்டது போலத் தெரியும், தடுமாறினால் 50 செ.மீ. வரை விரிந்து கொடுக்கும். படியின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம், கைப்பிடியை சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்குங்கள், வெறும் ஆணி பிடுங்கிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே ஃபிரேமில் தெரிய வேண்டும் என்பதால் கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள்.

அப்படியே துள்ளிக்கொண்டு கதவு வழியாக மேடைக்குள் போகட்டும். கேமரா கூடப் போக வேண்டாம். சாத்திய கதவின் மேல் இரண்டு நொடி நின்றால் போதும், மீதியை ஒலிப்பெட்டி பார்த்துக்கொள்வார்.

ஒலிப்பெட்டி:

பார்த்துக்கொள்கிறேன். விழும் சத்தம் ஒரே டமாலாக வேண்டாம். முதலில் ஒரு தட்டு உருளட்டும், அப்புறம் ஆள், அப்புறம் அரங்கத்தின் சிரிப்பு, மூன்றும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உயர் அலைவரிசை இறக்கப்பட்டு. அந்த இரண்டு நொடியைக் கத்தரி குறைக்காமல் இருந்தால் சரி.

கத்தரி:

48 ஃபிரேம். ஒன்றைக்கூடத் தொட மாட்டேன்.